தங்கச்சிக்கு ரத்தம் 8.4, ஏலத்தோட்ட வேலைக்கும் போகிறாள். சாப்பாட்டில் என்ன மாற்றலாம்?

கூடலூர்ப்பொண்ணு எழுதியது:

எங்கள் ஊர் தேனி மாவட்டத்தில் கூடலூர் பக்கம் ஒரு கிராமம், வாசலில் நின்றால் குமுளி மலை தெரியும். தங்கச்சிக்கு 19 வயது. பிளஸ் டூ முடித்ததும் மேலே படிக்க வைக்கவில்லை, ஒன்றரை வருடமாக வண்டன்மேடு பக்கம் ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிறாள். காலை ஆறு மணிக்கு ஜீப் தெருமுனையில் வந்து ஹாரன் அடிக்கும், திரும்பி வர சாயங்காலம் ஆறு ஆகிவிடும். போன வாரம் ஜீப்பை விட்டு இறங்கும்போதே கண் இருட்டிக்கொண்டு வருகிறது என்று சொல்லி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். ஹீமோகுளோபின் 8.4, எடை 38 கிலோ, உயரம் 152 சென்டிமீட்டர். சீட்டில் ரத்தசோகை என்று எழுதி மாத்திரை கொடுத்தார்கள், கீரை சாப்பிடு என்றார்கள், அவ்வளவுதான், அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

மாத்திரையை ஆறு நாள் போட்டாள். காலையில் வெறும் வயிற்றில் போட்டுவிட்டு ஜீப்பில் ஏறினால் மலை வளைவில் வாந்தி. அதோடு கக்கூஸ் கறுப்பாகப் போனதும் அம்மா பயந்துவிட்டார், "வயிறு வெந்துபோச்சு, இனிமே தொடாதே" என்று சொல்லிவிட்டார். இப்போது மாத்திரை அட்டை சாமி படத்துக்குப் பின்னால் கிடக்கிறது.

வீட்டில் சோற்றுக்குக் குறை இல்லை, இதைச் சொல்லியே ஆக வேண்டும். ரேஷன் அரிசி டப்பா நிறைய இருக்கிறது. ஆனால் அவள் என்ன சாப்பிடுகிறாள் என்று இந்த ஒரு வாரமாகத்தான் உட்கார்ந்து கவனித்தேன். காலையில் டீயும் ரெண்டு வர்க்கியும். தூக்குவாளியில் சோறும் முந்தின நாள் புளிக்குழம்பும், சில நாள் ஊறுகாய் மட்டும். சாயங்காலம் டீ. ராத்திரி அப்பாவும் தம்பியும் சாப்பிட்டு எழுந்த பிறகு அம்மாவும் இவளும் உட்காருவார்கள், அதற்குள் பொரியல் சட்டி வழித்திருக்கும். முட்டை வாங்கினால் தம்பிக்கு, அவன் கபடி விளையாடுகிறான் என்று.

இன்னொன்று, சொல்லலாமா என்று தெரியவில்லை. அவள் பச்சரிசி தின்கிறாள். முந்தானையில் ஒரு பிடி முடிந்துகொண்டு நாள் முழுக்க மென்றுகொண்டே இருக்கிறாள். அம்மாச்சி "கல்யாணத்தன்னைக்கு மழை பெய்யும்டி" என்று கேலி செய்வார், நாங்களும் சிரிப்போம்.

தை மாதத்தில் மாப்பிள்ளை வீட்டிலிருந்து இவளைப் பெண் பார்க்க வருகிறார்கள். எனக்கு இரண்டு கேள்வி. இந்த வேலைக்குப் போய்க்கொண்டே இவளைத் தேற்ற முடியுமா? என்ன சமைத்துக் கொடுக்கலாம்? விலை கூடின சாமான் சொல்லாதீர்கள், முடியாது.

உசிலம்பட்டி ராசா எழுதியது:

தினமும் ஒரு மாதுளம்பழம், பீட்ரூட் ஜூஸ், பேரீச்சம்பழம் தேனில் ஊறவைத்து ரெண்டு. ஒரு மாதத்தில் ரத்தம் ஊறிவிடும், என் அக்கா மகளுக்கு இதைத்தான் கொடுத்தோம். முதலில் வேலையை நிறுத்துங்கள் தங்கச்சி. காலேஜில் சேருங்கள், அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்த பிள்ளை என்றால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வருகிறது.

செவிலியம்மா எழுதியது:

தாயி, நான் இருபத்தெட்டு வருடம் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள், பாதி சர்வீஸ் உங்கள் பக்கத்து மலையடிவார ஊர்களில்தான். உன் பதிவைப் படித்ததும் அந்த வீடுகள் எல்லாம் கண்ணில் வந்து நின்றன. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் பச்சரிசி. அது விளையாட்டு இல்லை. இரும்புச்சத்து குறைந்த உடம்பு இப்படிக் கேட்கும். பச்சரிசி, திருநீறு, செங்கல் பொடி, சிலேட்டுக் குச்சி என்று ஆளுக்கு ஒன்று. ரத்தம் ஏற ஏற அந்த ஆசை தானாகப் போய்விடும், திட்டித் தடுக்க வேண்டியதில்லை. நான் வேலை பார்த்த காலத்தில் வீட்டுக்குள் நுழைந்ததும் பிள்ளையின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்ப்பதற்கு முன்னால் பாட்டியிடம் "இவ அரிசி திங்கிறாளா?" என்றுதான் கேட்பேன். ஆமாம் என்றால் பாதி தெரிந்துவிடும்.

கணக்கைச் சொல்கிறேன். கர்ப்பம் இல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 இருக்க வேண்டும். 8-லிருந்து 10.9 வரை நடுத்தர ரத்தசோகை, 8-க்குக் கீழே போனால் கடுமையானது, அது வீட்டில் வைத்துப் பார்க்கிற விஷயமே இல்லை. உன் தங்கச்சி விளிம்பில் நிற்கிறாள். எடையும் அப்படித்தான், 152 சென்டிமீட்டர் உயரத்துக்குக் குறைந்தது 43 கிலோ வேண்டும், ஐந்து கிலோ பள்ளம். வெறும் இரும்புக் குறை மட்டும் என்று நினைக்காதே, இந்தப் பிள்ளைக்கு மொத்தமாகவே சாப்பாடு போதவில்லை. வயிறு நிறைகிறது, உடம்பு நிறையவில்லை.

இந்தப் பாடு உன் வீட்டில் மட்டும் இல்லை. 2019–21-ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. உன் வாசலில் தெரிகிற அந்த மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில் 36. பாதிப் பேருக்கு மேல் இருப்பதால்தான் "பொம்பளப் பிள்ளைன்னா தலை சுத்தத்தான் செய்யும்" என்று சொல்லிவிட்டுப் போகிறோம். எனக்கு இன்னும் ஆறாத விஷயம் ஒன்று உண்டு. பத்தாம் வகுப்பு வரை சத்துணவில் சோறும் முட்டையும் கிடைக்கிறது. பதினொன்றாம் வகுப்புக்குப் போனதும் அது நின்றுவிடுகிறது. பெண் பிள்ளைக்கு மாசாமாசம் ரத்தம் போகிற வயது, உடம்பு இன்னும் வளர்கிற வயது, சரியாக அப்போது தட்டு காலியாகிறது. படிப்பை விட்டவளுக்கு வாரா வாரம் பள்ளியில் கொடுக்கிற இரும்பு மாத்திரையும் கிடையாது, அங்கன்வாடியில் போய்க் கேட்டால்தான் உண்டு. எத்தனை பேர் போய்க் கேட்கிறார்கள்?

இப்போது மாத்திரை. கக்கூஸ் கறுப்பாகப் போவது மாத்திரையில் உடம்பு எடுத்துக்கொள்ளாத இரும்பு, வயிறு வேகவில்லை. அம்மாவிடம் ஒரு நர்சம்மா சொன்னார் என்றே சொல். வாந்திக்கு வழி, ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு படுக்கப் போகும்போது போடச் சொல். காலையில் வெறும் வயிற்றோடு மலை ஏறினால் மாத்திரை போடாதவருக்கே குமட்டும். பால், டீ, காபி எதோடும் சேர்த்துப் போடக் கூடாது. கால்சியம் மாத்திரையும் கொடுத்திருந்தால் இரண்டையும் வேறு வேறு நேரத்தில் போட வேண்டும். டாக்டர் எழுதிய அளவை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். ஒரு மாதம் ஒழுங்காகப் போட்டுவிட்டு மறுபடி ரத்தம் பாருங்கள், ஒரு புள்ளியாவது ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை என்றால் வேறு காரணம் இருக்கிறது, தேட வேண்டும். குடற்புழு மாத்திரை போட்டாளா என்று கேள். மாதவிலக்கு எத்தனை நாள், கட்டி கட்டியாகப் போகிறதா, இதையும் நீதான் கேட்க வேண்டும், அவளாகச் சொல்ல மாட்டாள்.

உசிலம்பட்டித் தம்பி கோபித்துக்கொள்ள வேண்டாம். மாதுளையும் பீட்ரூட்டும் சிவப்பாக இருப்பதால் ரத்தம் ஊறும் என்று நாம் நம்புகிறோம், அவற்றில் இரும்பு ரொம்பக் கொஞ்சம். அந்தக் காசுக்கு ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்) வாங்கலாம், ஆட்டு ரத்தம் வாங்கலாம். நம் பக்கத்துப் பாட்டிகளுக்கு இது தெரியும். சுவரொட்டியை மிளகு போட்டு வாட்டி வயசுக்கு வந்த பிள்ளைக்குத்தான் கொடுப்பார்கள், வேறு யாரும் தொட மாட்டார்கள். அசைவ இரும்பு போல கீரை இரும்பு உடம்பில் சீக்கிரம் சேராது. அதனால் கீரையோ பயறோ சாப்பிடும்போது கூடவே புளிப்பாக ஒரு பச்சைப் பொருள், எலுமிச்சை பிழிந்தது, நெல்லிக்காய், கொய்யா, தக்காளிப் பச்சடி, ஏதாவது ஒன்று இருக்கட்டும். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் டீ வேண்டாம். டீ இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

தூக்குவாளிக்கு: சோறு அப்படியே இருக்கட்டும், கூட மொச்சையோ தட்டாம்பயறோ கெட்டியாக ஒரு கிண்ணம். ஒரு அவித்த முட்டை. ரேஷனில் கிலோ 30 ரூபாய் துவரம்பருப்பு வருகிறதே, அதில் முருங்கைக்கீரை போட்டுக் கூட்டு. காலையில் வர்க்கிக்குப் பதில் ஒரு டம்ளர் கம்பங்கூழோ ரெண்டு இட்லியோ. ஜீப்பில் போகும்போது வேர்க்கடலை உருண்டை ரெண்டு. விலை கூடின சாமான் எதுவும் இதில் இல்லை.

ரேஷன் அரிசியில் சில மணிகள் வேறு மாதிரி வெளுப்பாக இருக்கும், பிளாஸ்டிக் அரிசி என்று சொல்லி முறத்தில் புடைத்துப் பொறுக்கி எறிவதை எத்தனையோ வீட்டில் பார்த்திருக்கிறேன். அது இரும்பும் ஃபோலிக் அமிலமும் பி12-உம் சேர்த்துச் செய்த அரிசி, நூற்றுக்கு ஒன்று என்று கலந்திருக்கிறார்கள். உங்கள் வீட்டிலும் பொறுக்கினால் நிறுத்தச் சொல்.

தை மாதக் கல்யாணப் பேச்சு பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒரு கர்ப்பத்துக்கு மொத்தமாக ஏறக்குறைய 1000 மில்லிகிராம் இரும்பு கூடுதலாக வேண்டும். 8.4-ல் இருக்கிற பிள்ளை அதை எங்கிருந்து எடுக்கும்? பிரசவத்தில் கொஞ்சம் ரத்தம் கூடப் போனாலே தாங்காது. பிள்ளையும் இரண்டரைக் கிலோவுக்குக் கீழே பிறக்கலாம். அந்தப் பிள்ளை பெண்ணாக இருந்தால் மறுபடி இதே கதை. பேச்சு நடக்கட்டும், கல்யாணத் தேதியை ஆறு மாதம் தள்ளி வைக்கப் பேசிப் பார்.

ஏலக்காட்டு மதினி எழுதியது:

நான் அந்த ஜீப்பில் பதினான்கு வருடம் போனவள். இப்போது முழங்கால் விட்டுவிட்டது, வீட்டில் இருக்கிறேன், என் மகன் டைப் பண்ணுகிறான். நர்சம்மா சொன்னது எல்லாம் சரி. ஆனால் காட்டுக்குள் என்ன நடக்கிறது என்று நான் சொல்கிறேன்.

ஏலக்காய் செடியின் உச்சியில் காய்க்காது, தூரில் தரையோடு சரம் ஓடும், அதில்தான் காய். அதனால் நாள் முழுக்கக் குத்தவைத்தே இருக்க வேண்டும். குனிந்து எடுத்து எடுத்துக் கூடையை நிரப்பி, எழுந்து நிற்கும்போதுதான் இந்தச் சின்னப் பிள்ளைகளுக்குக் கண் இருட்டும். செடித் தட்டையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நிற்கும். கங்காணி பார்த்துவிட்டால் ஏசுவார் என்று மறுபடி உட்கார்ந்துவிடும். எத்தனை பிள்ளைகளை அப்படிப் பார்த்திருக்கிறேன், என் மதினி மகளும் அதில் ஒருத்தி.

தோட்டத்தில் நிறைய இடத்தில் பொம்பளைகளுக்குக் கக்கூஸ் கிடையாது. அதனால் காலையிலிருந்து தண்ணீரே குடிக்க மாட்டோம். சாப்பாட்டையும் குறைப்போம், வயிற்றைக் கலக்கினால் எங்கே போவது என்று. உங்கள் தங்கச்சி தூக்குவாளியைப் பாதியோடு திருப்பிக் கொண்டுவருகிறாளா பாருங்கள். பாதியாக வந்தால் பசி இல்லை என்று அர்த்தம் இல்லை, இதுதான் காரணமாக இருக்கும். மாதவிலக்கு நாளில் இன்னும் மோசம்.

செடி மறைவில்தான் எல்லாரும் போவோம், அதே மண்ணில்தான் வெறுங்காலோடு நடப்போம். அட்டை கடிப்பது தெரியும், புழு கால் வழியாக ஏறுவது தெரியாது. கொக்கிப்புழு என்று ஒரு டாக்டரம்மா படம் வரைந்து காட்டினார், அது குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தத்தைக் குடிக்குமாம். நீங்கள் மேலே ரத்தம் ஊற வைத்தால் அது கீழே குடித்துக்கொண்டே இருக்கும். ரப்பர் பூட்ஸ் வாங்கிக் கொடுங்கள். முதல் சம்பளத்தில் எல்லாரும் கொலுசு வாங்கும், அதற்கு முன்னால் பூட்ஸ் வாங்கச் சொல்லுங்கள். மருந்தடித்த செடியில் கை போட்ட கையோடு சாப்பிடக் கூடாது, சோப்பு ஒரு துண்டு தூக்குவாளிப் பையிலேயே போட்டு விடுங்கள்.

பத்து மணிக்குக் கட்டன் சாயா, பால் இல்லாத டீ, தருவார்கள். குளிருக்கு வேண்டியிருக்கும், வேண்டாம் என்று சொல்ல முடியாது. அந்த நேரத்தில் கடலை உருண்டை சாப்பிட வேண்டாம், ஜீப்பிலேயே தின்றுவிடட்டும். சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு இறங்கும்போது குமுளியில் மத்தி மீன் வாங்குங்கள். மலையாளத்துக்காரர்கள் வாரம் முழுக்க அதைத்தான் சாப்பிடுகிறார்கள். முள்ளோடு மண்சட்டியில் வைத்தால் மறுநாளைக்கும் இருக்கும். நாங்கள் நாலு பேர் சேர்ந்து வாங்கிப் பங்கு போட்டுக்கொள்வோம்.

ஆனைகட்டி எழுதியது:

நான் கோயம்புத்தூர் ஓரம், கேரள எல்லை. மேலே கேரளத்துக்கு 36 சதவீதம் என்று ஒரு கணக்கு வந்ததால் சொல்கிறேன். எங்கள் ஊரிலிருந்து பாலம் தாண்டினால் அட்டப்பாடி. அதுவும் கேரளம்தான். 2013-ல் அங்கே இருளர், முதுகர், குறும்பர் ஊர்களில் பச்சைப் பிள்ளைகள் அடுத்தடுத்து இறந்தபோது எல்லாப் பேப்பரிலும் வந்தது. தாய்மாருக்கு உடம்பில் ரத்தமும் சத்தும் இல்லை, பிள்ளைகள் எடை குறைந்து பிறந்தன. அதன் பிறகுதான் குடும்பஸ்ரீ என்கிற கேரளத்துப் பெண்கள் சுயஉதவி அமைப்பு மூலமாக ஊர் ஊராகச் சமுதாயச் சமையலறை வைத்தார்கள். அங்கே இருக்கிற என் கூட்டாளியின் அம்மா சொல்வார், முன்பு ராகியும் சாமையும் துவரையும் ஒரே காட்டில் கலந்து விதைப்பார்களாம், காட்டுக்கீரை மட்டும் பல வகை இருக்குமாம். நிலம் கையை விட்டுப் போனதும் எல்லாம் போய் ரேஷன் அரிசி ஒன்றுதான் மிஞ்சியது. கூடலூர்த் தங்கச்சி எழுதியதைப் படித்ததும் அதுதான் ஞாபகம் வந்தது, டப்பா நிறைய அரிசி இருக்கிற வீடு.

அதோடு ஒரு எச்சரிக்கை. எல்லா ரத்தசோகையும் இரும்புக் குறை இல்லை. எங்கள் பக்கத்து மலை மக்களிடம் அரிவாள் செல் நோய் உண்டு, பரம்பரையாக வருவது. அவர்களுக்கு இரும்பு மாத்திரையை மட்டும் கொடுத்துக்கொண்டே இருந்தால் பிரயோஜனம் இல்லை. தலசீமியா என்று இன்னொன்றும் உண்டு. நர்சம்மா சொன்ன மாதிரி ஒரு மாதத்தில் ஏறவில்லை என்றால் அந்தச் சோதனையும் எடுத்துவிடுங்கள். கல்யாணத்துக்கு முன்னால் தெரிந்துகொள்வது நல்லது.

கூடலூர்ப்பொண்ணு எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. மதினி சொன்னது சரி, நேற்று தூக்குவாளியைத் திறந்து பார்த்தேன், பாதிச் சோறு அப்படியே இருக்கிறது. கேட்டதற்கு "நேரமில்லை" என்றாள், அப்புறம் தனியாகக் கேட்டபோது மதினி எழுதியதையேதான் சொன்னாள். மாதவிலக்கு ஏழு நாள் போகிறதாம். ஒன்றரை வருடமாக என்கூடத்தான் படுக்கிறாள், எனக்குத் தெரியவில்லை.

அம்மாவிடம் எப்படிப் பேசுவது என்றுதான் புரியவில்லை. முட்டையைத் தம்பிக்கு வைப்பதையோ கடைசியில் சாப்பிடுவதையோ சொன்னால் "நான் உங்களைப் பட்டினி போட்டேனா" என்று அழுகிறார். அவரும் அதே சோற்றைத்தான் சாப்பிடுகிறார், அதனால் என்னால் மேலே பேச முடியவில்லை.

தேவாரம் கயல் எழுதியது:

அக்கா, நான் உங்கள் தங்கச்சி மாதிரி இருந்தவள். எனக்கு 7.9 இருந்தது, காலேஜ் ரத்ததான முகாமில் கொடுக்கப் போனேன், குத்திப் பார்த்துவிட்டு உனக்கே ஏற்றணும் என்று திருப்பி அனுப்பினார்கள். எங்கள் வீட்டிலும் அம்மா இப்படித்தான் அழுதார்.

நான் அம்மாவிடம் குற்றமாகச் சொல்லாமல் என் சடங்கைப் பற்றிப் பேசினேன். நான் பெரியவளானபோது பதினாறு நாள் என்னைக் குடிசையில் உட்கார வைத்து, காலையில் நாட்டுக்கோழி முட்டை உடைத்து வாயில் ஊற்றி, மேலே நல்லெண்ணெய், பதினொரு மணிக்கு உளுந்தங்களி கருப்பட்டி போட்டு. அத்தைமார் ஆளுக்கு ஒரு நாள் ஆக்கிக்கொண்டு வந்தார்கள். இடுப்பு பலக்கணும், நாளைக்குப் பிள்ளை பெறணும் என்று சொல்லிச் சொல்லி ஊட்டினார்கள். பதினேழாம் நாளிலிருந்து டீயும் வர்க்கியும். "அன்னைக்கு எனக்குக் கொடுத்தீங்களே, அது எதுக்கும்மா கொடுத்தீங்க? அந்த இடுப்பு இப்பவும் அதேதானே?" என்று கேட்டேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. மறுநாள் உளுந்து ஊறப் போட்டிருந்தார்.

களி வாரம் ரெண்டு நாள். சாப்பாட்டு விஷயத்தில் நாங்கள் செய்தது ஒன்றுதான்: அடுப்பிலிருந்து இறக்கியதுமே அம்மாவுக்கும் எனக்கும் ரெண்டு கிண்ணத்தில் கறியோ கூட்டோ எடுத்து மூடி வைத்துவிடுவோம், அப்புறம்தான் அப்பாவுக்குத் தட்டு. யாருக்கு முன் யார் சாப்பிடுவது என்கிற சண்டைக்கே போகவில்லை. அப்பாவுக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை, சொல்லப்போனால் சட்டியில் மிச்சம் இல்லை என்பதே அவருக்கு இத்தனை வருடம் தெரியாது.

செவிலியம்மா எழுதியது:

கயல் சொன்னது மாதிரி எடுத்து மூடி வைப்பது நல்ல வழி. ஏழு நாள் போகிறது என்றால் டாக்டரிடம் சொல்ல வேண்டும் தாயி, அதற்கும் மருந்து இருக்கிறது. இன்னொரு விஷயம் இப்போதுதான் தோன்றியது. அடுத்த தடவை ரத்தம் பார்க்கப் போகும்போது அம்மாவையும் கூட்டிப் போ. துணைக்கு வரச் சொல்லு, அங்கே போனதும் அவருக்கும் பார்த்துவிடு. அதே சட்டியிலிருந்து கடைசியாகச் சாப்பிடுகிறவர் அவர்.

கூடலூர்ப்பொண்ணு எழுதியது:

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். மாத்திரையை ராத்திரிக்கு மாற்றியதும் வாந்தி நின்றுவிட்டது. பூட்ஸ் வாங்கியாச்சு. குடற்புழு மாத்திரை போட்டாள். காலையில் கூழ், ஜீப்பில் கடலை உருண்டை, மதியத்துக்கு மொச்சையும் முட்டையும், தூக்குவாளி இப்போது கழுவின மாதிரி வருகிறது. அவளோடு போகிற மூன்று பெண்கள் சேர்ந்து கங்காணியிடம் பேசி, தோட்டத்து ஸ்டோர் பக்கம் இருக்கிற கக்கூஸைத் திறந்துவிடச் சொல்லியிருக்கிறார்கள், மதியம் மட்டும் திறக்கிறார்களாம். மாப்பிள்ளை வீட்டில் தேதி பற்றி அப்பாவே பேசினார், ஆவணிக்குப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

நேற்று ரத்தம் பார்த்தோம். தங்கச்சிக்கு 9.6. எடை 39 அரை. முந்தானையில் அரிசி இல்லை.

நீங்கள் சொன்னபடி அம்மாவையும் பார்க்க வைத்தேன். எனக்கு எதுக்கு, நான் நல்லாத்தானே இருக்கேன், காலையில நாலு மணிக்கு எழுந்திரிக்கிறேனே என்று கையை நீட்டவே மாட்டேன் என்றார். தங்கச்சிதான் கையைப் பிடித்து நீட்ட வைத்தாள். அம்மாவுக்கு 7.2. லேப்பில் இருந்த பெண் இன்னொரு தடவை எடுத்துப் பார்த்தாள், அதேதான். 44 வயது. இந்த உடம்போடு எங்களுக்குப் பொங்கிப் போட்டுவிட்டு, தினமும் தண்ணீர்க் குடமும் தூக்கியிருக்கிறார். என்ன செய்வது?

செவிலியம்மா எழுதியது:

எட்டுக்குக் கீழே. மாத்திரையில் காத்திருக்க வேண்டாம், நாளைக் காலையிலேயே கம்பம் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ. நரம்பில் இரும்பு மருந்து ஏற்றுவதா, ரத்தம் ஏற்றுவதா என்று டாக்டர் பார்த்துச் சொல்வார். மாதவிலக்கு எப்படிப் போகிறது என்பதை மறக்காமல் சொல், இந்த வயதில் கர்ப்பப்பையை ஸ்கேன் பண்ணிப் பார்க்க வேண்டியிருக்கும். பழைய ரத்தச் சீட்டு இருந்தால் எடுத்துக்கொள். குடத்தை இன்றைக்கே தம்பியிடம் கொடுத்துவிடு.

கூடலூர்ப்பொண்ணு எழுதியது:

சரிங்கம்மா. தம்பி தண்ணீர் எடுக்கப் போயிருக்கிறான். தங்கச்சி நாளைக்கு ஜீப்புக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள், மூன்று பேரும் ஆறரை பஸ்ஸில் போகிறோம்.